24 பாடல்களில் அமிழ்ந்துபோன ஒரு நல்ல ஆல்பம்: 'கல்ச்சர் 2' ஏன் ஏமாற்றியது?

கேள்வி இதுதான்: "மிகோஸ் குழுவின் 'கல்ச்சர்' ஆல்பத்தை 2017இல் மனப்பாடம் ஆகும் அளவுக்குக் கேட்டவன் நான். அடுத்த ஆண்டு வந்த 'கல்ச்சர் 2' இரட்டை ஆல்பத்தை இன்றுவரை ஒரே மூச்சில் கேட்டு முடிக்க முடியவில்லை. தனித்தனியாகக் கேட்டால் எந்தப் பாடலும் மோசமில்லை. சேர்த்துக் கேட்டால் அலுத்துவிடுகிறது. குறை என் காதிலா, ஆல்பத்திலா? ஸ்ட்ரீமிங் வருமானத்துக்காகத்தான் இப்படி நீட்டினார்களா? அமெரிக்கத் தென்மாநில ராப்பில் இரட்டை ஆல்பம் என்றாலே இப்படித்தானா?"

குறை உங்கள் காதில் இல்லை. ஸ்ட்ரீமிங் என்பது பாதிக் காரணம் மட்டுமே என்பது என் கருத்து. மீதிப் பாதி மிகோஸின் மூன்று ராப் பாடகர்களும் பாடும் முறையிலேயே இருக்கிறது. அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் அளவைப் பார்த்துவிடலாம். 2017 ஜனவரி 27 அன்று வெளியான 'கல்ச்சர்' 13 பாடல்களைக் கொண்டது. ஓடும் நேரம் ஏறத்தாழ 58 நிமிடம். ஏறத்தாழ ஓராண்டு கழித்து, 2018 ஜனவரி 26 அன்று வந்த 'கல்ச்சர் 2' 24 பாடல்களைக் கொண்டது. ஓடும் நேரம் ஏறத்தாழ 105 நிமிடம். ஒரு குறுந்தகட்டில் 80 நிமிடத்துக்கு மேல் இசை கொள்ளாது என்பதால் இதை இரட்டை ஆல்பம் என்று சொல்வது முற்றிலும் பொருந்தும். ஆனால் இரண்டு வட்டுகளுக்குள்ள ஒரு பிரிவு, முதல் பாதி இன்னது இரண்டாம் பாதி இன்னது என்ற ஓர் ஏற்பாடு, இதில் எங்கும் இல்லை. முதல் பாடலிலிருந்து கடைசிப் பாடல்வரை ஒரே நீள்சாலைதான். இந்தக் குறை சிறியதாகத் தோன்றலாம். கேட்பவரின் களைப்புக்கு இது பெரிய காரணம்.

இனி அவர்களுடைய பாட்டு முறைக்கு வருகிறேன். குவேவோ, ஆஃப்செட், டேக்ஆஃப் மூவரும் அட்லாண்டாவுக்கு வடகிழக்கே உள்ள குவின்னெட் கவுண்டியில் ஒரே குடும்பமாக வளர்ந்தவர்கள். டேக்ஆஃப் குவேவோவுக்குச் சகோதரி மகன். 2013இல் வந்த அவர்களுடைய 'வெர்சாச்சே' பாடல் நாடு முழுவதும் பரவியபோது, எல்லோர் காதிலும் ஒட்டிக்கொண்டது அந்தப் பெயர் திரும்பத் திரும்ப ஒலித்த விதம். வெர்-சா-சே, வெர்-சா-சே என்று மூன்று அசைகள் ஒரே தட்டுக்குள் அடங்கி உருளும். நம் தாள மொழியில் சொன்னால் அது திஸ்ர நடை. 'தகிட தகிட' என்று வாயால் சொல்லிப் பார்த்தால் உடனே பிடிபடும். பின்னணியில் தாளம் நான்கு நான்காகப் போக, மேலே சொற்கள் மும்மூன்றாக உருளும்போது எழும் இழுபறிதான் அந்தப் பாணியின் சுவை. இதை அவர்கள் கண்டுபிடித்தார்கள் என்று சொல்ல முடியாது. மெம்ஃபிஸ் நகரில் த்ரீ சிக்ஸ் மாஃபியா குழுவின் லார்ட் இன்ஃபமஸ் 1990களிலேயே இப்படிப் பாடியிருக்கிறார். ஆயினும் அதைத் தங்கள் முத்திரையாக்கியவர்கள் மிகோஸ்தான்.

இரண்டாவது முத்திரை, வரிகளுக்கிடையே எறியப்படும் ஒற்றைச் சொற்கள். ராப் உலகில் 'ஆட்-லிப்' என்பார்கள். ஒருவர் வரியை முடிக்கும் இடத்தில் மற்றவர் அந்த வரியின் கடைசிச் சொல்லையோ, ஒரு வண்டி திரும்பும் ஓசையையோ, ஒரு வியப்பொலியையோ போடுவார். வில்லுப்பாட்டில் பாட்டுக்காரர் ஒரு வரி சொன்னதும் பின்பாட்டுக்காரர் "ஆமா" போடுவாரே, அந்த வேலையைத்தான் இங்கே இந்தக் குரல்கள் செய்கின்றன. 'கல்ச்சர்' ஆல்பத்தில் இந்தப் பின்குரல்கள் ஒவ்வொரு வரியையும் தாங்கிப் பிடித்து அடுத்த வரிக்கு ஏற்றிவிட்டதை இன்று கேட்டாலும் வியப்பாக இருக்கிறது.

இப்போது உங்கள் கேள்விக்கு வாருங்கள். திஸ்ர நடையும் ஆட்-லிப்பும் மிக அடர்த்தியான உத்திகள். 'கல்ச்சர்' வெற்றி பெற்றதற்குக் காரணம், காது சலிப்பதற்குச் சற்று முன்பே ஆல்பம் முடிந்துவிடுவது. 2016 அக்டோபரில் தனிப்பாடலாக வந்து 2017 ஜனவரியில் அமெரிக்காவின் பில்போர்டு பாடல் தரவரிசையில் முதலிடம் பிடித்த 'பேட் அண்ட் பூஜீ' அதில் ஒரு தூண். அதைச் சுற்றியிருந்த பாடல்கள் ஒன்றுக்கொன்று வேகத்திலும் மனநிலையிலும் போதிய அளவு விலகி நின்றன. மூவருடைய வரம்பு எவ்வளவு என்று யாரோ கணித்து, அந்த வரம்புக்குள் ஆல்பத்தை நிறுத்தியது போல் இருந்தது. 'கல்ச்சர் 2' அதே உத்திகளை ஏறத்தாழ இரு மடங்கு நேரம் நீட்டுகிறது. புதிய உத்தி எதையும் சேர்க்காமல் பழையதை இரு மடங்காக்கினால், பாதிவழியில் காது தானாகவே பின்னணிக்கு நகர்ந்துவிடும். பாடல் ஓடிக்கொண்டிருக்கும், நாம் கேட்பதை நிறுத்தியிருப்போம்.

இது நடக்கும் இடத்தையே காட்ட முடியும் என்று நினைக்கிறேன். வெளியான அன்று காலை வேலைக்குப் போகும் பேருந்தில் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்றாவது பாடலான 'நார்கோஸ்' ஒரு கிட்டார் இழையோடு வந்து நன்றாகத் தூக்கிவிட்டது. ஆறாவதாக டிரேக் பங்குபெற்ற 'வாக் இட் டாக் இட்'. ஒன்பதாவது 'ஸ்டிர் ஃப்ரை'. ஃபாரெல் வில்லியம்ஸ் அமைத்த அந்த மெட்டில், தென்மாநில ராப்பின் கனத்த பேஸ் பாணியான ட்ராப் இசையின் வழக்கமான இழுவையே இல்லை. டிரம்ஸ் பழைய ஃபங்க் இசையின் துள்ளலோடு ஓட, மூவரும் தங்கள் பாணியைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டே ஆக வேண்டிய கட்டாயம். மூன்று நிமிடத்தைச் சற்றே தாண்டி அது முடிந்தபோது மணியைப் பார்த்தேன்: ஏறத்தாழ 40 நிமிடம் ஆகியிருந்தது. இங்கே முடிந்திருந்தால், ஓரிரு பாடல்களைக் கழித்து ஓரிரு பாடல்களைக் கூட்டி, 'கல்ச்சர்' ஆல்பத்தின் தம்பி என்று நிமிர்ந்து சொல்லக்கூடிய ஒன்றாக இருந்திருக்கும். ஆனால் அதன் பிறகு 15 பாடல்கள், ஒரு மணி நேரத்துக்கும் மேல்.

பத்தாவதிலிருந்து பதினாறாவது வரை வரும் பாடல்களை அன்று மட்டுமல்ல, பத்து முறை கேட்ட பிறகும் ஒன்றிலிருந்து ஒன்றை என்னால் உடனே பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவை மோசமான பாடல்கள் என்று சொல்லவில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு நல்ல வரி, ஒரு நல்ல திருப்பம் இருக்கிறது. ஆனால் நகை, கார், பணம், பழைய வறுமை என்று பேசுபொருளும் ஒன்றே. 808 என்ற மின்தாளக் கருவியின் பேஸ் உறுமலும், ஹை-ஹேட் என்ற டிரம்ஸ் தட்டின் சடசடப்பும் ஒன்றே. பல்லவி, ஒருவர் சரணம், பல்லவி, இன்னொருவர் சரணம் என்ற வரிசையும் ஒன்றே. பதினேழாவதாக 'மோட்டார்ஸ்போர்ட்' வரும்போது நிக்கி மினாஜும் கார்டி பியும் உள்ளே நுழைகிறார்கள். புதிய குரல் கேட்ட நிம்மதியில் காது மறுபடி விழித்துக்கொள்கிறது. அந்தப் பாடலோ மூன்று மாதங்களுக்கு முன்பே தனிப்பாடலாக வெளிவந்து எல்லோரும் கேட்டுத் தீர்த்தது. ஓர் ஆல்பத்தின் நடுவில் நம்மைத் தட்டி எழுப்பும் வேலையைப் பழைய பாடல் ஒன்று செய்ய வேண்டியிருந்தது என்பதே என் ஏமாற்றத்தின் மையம்.

இனி ஸ்ட்ரீமிங் கணக்கு. 2014 டிசம்பர் முதல் பில்போர்டு 200 ஆல்பப் பட்டியல் விற்பனையோடு ஸ்ட்ரீமிங்கையும் சேர்த்து எண்ணத் தொடங்கியது. அன்றைய விதிப்படி, ஓர் ஆல்பத்தின் பாடல்கள் மொத்தம் 1,500 முறை ஒலித்தால் அது ஓர் ஆல்பம் விற்றதற்குச் சமமாக எண்ணப்பட்டது. 2016 பிப்ரவரியில் அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கமும் தங்க, பிளாட்டினச் சான்றிதழ்களுக்கு இதே கணக்கை ஏற்றுக்கொண்டது. இதன் விளைவைக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். 13 பாடல் கொண்ட ஆல்பத்தை முழுமையாக 115 முறைக்குச் சற்று மேல் ஓட்டினால்தான் ஓர் ஆல்பம் விற்ற கணக்கு வரும். 24 பாடல் என்றால் 62 அல்லது 63 முறை போதும். அதே ரசிகர், அதே பற்று, ஏறத்தாழ இரு மடங்கு எண்ணிக்கை. இப்படி விற்பனையும் ஸ்ட்ரீமிங்கும் சேர்த்து எண்ணிய அலகுகளில், முதல் வாரத்தில் 'கல்ச்சர்' 131,000 அலகுகளோடு முதலிடத்தில் நுழைந்தது. 'கல்ச்சர் 2' 199,000 அலகுகளோடு நுழைந்தது. அந்த 199,000இல் முழு ஆல்பமாகக் காசு கொடுத்து வாங்கப்பட்டவை 38,000 மட்டுமே. முந்தைய ஆல்பத்துக்கு அந்த எண் 44,000. அதாவது வாங்கியவர்கள் குறைந்தார்கள், எண்ணிக்கை கூடியது. அந்தக் காலகட்டத்தில் இது பொதுவான போக்கு. மூன்று மாதம் முன்பு, 2017 அக்டோபரில், கிறிஸ் பிரவுன் 45 பாடல் கொண்ட ஆல்பத்தையே வெளியிட்டிருந்தார். ஆகவே உங்கள் சந்தேகம் நியாயமானதுதான்.

ஆனால் காசுக்காக மட்டுமே நீட்டினார்கள் என்றால் ஒரு விஷயம் இடிக்கிறது. ஸ்ட்ரீமிங்கில் 2 நிமிடப் பாடலுக்கும் 6 நிமிடப் பாடலுக்கும் கணக்கு ஒன்றுதான். எண்ணிக்கையே குறி என்றால் 24 பாடல்களையும் இரண்டிரண்டு நிமிடமாக வெட்டிக் கொடுத்திருக்கலாம். மொத்த ஆல்பமும் 50 நிமிடத்தில் முடிந்து, யாரும் களைத்திருக்கமாட்டார்கள். மிகோஸ் அப்படிச் செய்யவில்லை. 105 நிமிடத்தை 24ஆல் வகுத்தால் ஒரு பாடலுக்குச் சராசரி 4 நிமிடம் 20 நொடியைத் தாண்டுகிறது. 'கல்ச்சர்' ஆல்பத்தின் சராசரியும் ஏறத்தாழ அதே. காரணம் எளியது. மூன்று பேர் இருக்கிறார்கள். மூன்று பேருக்கும் ஒவ்வொரு சரணம் வேண்டும். இடையிடையே பல்லவி திரும்ப வேண்டும். இந்தக் கட்டமைப்பில் ஒரு பாடலை 4 நிமிடத்துக்குக் கீழே கொண்டுவருவது கடினம். ஆகவே பாடல்களின் எண்ணிக்கையைச் சந்தை கூட்டியது. ஒவ்வொரு பாடலின் நீளத்தைக் குழுவின் அமைப்பு நிர்ணயித்தது. இரண்டும் சேர்ந்ததால்தான் 105 நிமிடம். இதை எடுத்துச் சொல்ல ஒருவர் ஒலிப்பதிவுக் கூடத்தில் இருந்திருக்க வேண்டும். இந்த ஆல்பத்தில் பல மெட்டுகளை அமைத்தவர்கள் அவர்களுடைய சொந்த டிஜேயான டிஜே டூரெலும் குவேவோவும்தான். தன் மெட்டைத் தானே நீக்கும் மனம் எளிதில் யாருக்கும் வராது. வெளியாளான ஃபாரெல் கைவைத்த பாடல் தனியே துலங்குவதும், உள்ளேயே சமைத்த பல பாடல்கள் ஒன்றோடொன்று கரைந்துபோவதும் தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

தென்மாநில ராப்பில் இரட்டை ஆல்பம் என்றாலே இப்படித்தானா என்று கேட்டீர்கள். இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். ராப்பில் இரட்டை ஆல்பத்தைப் பெரும் நாகரிகமாக்கியது தெற்கு அல்ல. 1996 பிப்ரவரியில் டூபாக் மேற்குக் கரையிலிருந்தும், 1997 மார்ச்சில் நொட்டோரியஸ் பி.ஐ.ஜி. நியூயார்க்கிலிருந்தும் வெளியிட்ட இரட்டை ஆல்பங்கள்தான். அவை அள்ளிக்குவித்த பிறகு, 1998இல் தெற்கு அந்த வழியில் இறங்கியது. அந்த ஆண்டு மார்ச்சில் ஹூஸ்டனின் ஸ்கார்ஃபேஸ் 'மை ஹோமீஸ்' என்ற இரட்டை ஆல்பத்தை ராப்-எ-லாட் நிறுவனத்தின் வழியாக வெளியிட்டார். நான்காண்டு முன்பு இதே ஸ்கார்ஃபேஸ் 'தி டயரி' என்ற ஆல்பத்தில் முக்கால் மணி நேரத்துக்கும் குறைவான நேரத்தில் சாவையும் குற்ற உணர்வையும் பற்றிப் பாடி நம்மை உலுக்கியவர். 'மை ஹோமீஸ்' வாங்கியவர்களுக்குக் கிடைத்தது நண்பர் கூட்டம். பல பாடல்களில் அவருடைய குரலே இல்லை. அட்டையில் ஒருவர் பெயர், உள்ளே ஒரு நிறுவனத்தின் அணிவகுப்பு. நீளம் பற்றிய புகாரைவிட இது ஆழமான புகார்: தேடி வந்தவரைக் காணவில்லை.

அதே ஆண்டு ஜூனில் நியூ ஆர்லியன்ஸின் மாஸ்டர் பி, 'எம்பி டா லாஸ்ட் டான்' என்ற இரட்டை ஆல்பத்தை, இதுவே தன் கடைசித் தனி ஆல்பம் என்ற அறிவிப்போடு வெளியிட்டார். முதல் வாரத்தில் ஐந்து லட்சத்தை நெருங்கிய விற்பனையோடு அது முதலிடத்தில் நுழைந்தது. அவருடைய நோ லிமிட் நிறுவனம் அப்போது மாதத்துக்கு ஒன்றுக்கு மேல் ஆல்பம் வெளியிட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு குறுந்தகட்டின் உள் தாளிலும் அடுத்து வரப்போகும் ஆல்பங்களின் பளபளக்கும் அட்டைகள் விளம்பரமாக அச்சாகியிருக்கும். பீட்ஸ் பை த பவுண்ட் என்ற ஒரே இசையமைப்பாளர் குழு அத்தனைக்கும் மெட்டுப் போட்டது. பெயரே எடைபோட்டு விற்பதைச் சொல்கிறது. விடைபெறும் ஆல்பம் என்று நம்பி இரட்டை வட்டுக்கான கூடுதல் விலையைக் கொடுத்த ரசிகர்கள், அடுத்த ஆண்டே அவர் இன்னொரு தனி ஆல்பத்தோடு திரும்பி வந்ததையும் பார்த்தார்கள். நான் இதைச் சொல்வதன் காரணம், 1998இல் ஸ்ட்ரீமிங் என்ற ஒன்றே கிடையாது. அப்போதும் ஆல்பங்கள் வீங்கின. அப்போதும் ரசிகர்கள் இப்படித்தான் புலம்பினார்கள். 100 நிமிடத்தைத் தாண்டும் இரட்டை ஆல்பம் ஒன்று விற்றால் சான்றிதழுக்கு இரண்டு என்று எண்ணும் வழக்கம் அன்றே உண்டு. எண்ணும் முறைதான் மாறியிருக்கிறது. எண்ணுவதற்காக நீட்டும் ஆசை பழையது.

ஆனால் நீண்ட ஆல்பம் எல்லாமே தோற்றுவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். அட்லாண்டாவின் இருவர் குழுவான அவுட்காஸ்ட் 2003 செப்டம்பரில் வெளியிட்ட 'ஸ்பீக்கர்பாக்ஸ் / த லவ் பிலோ' ஏறத்தாழ 135 நிமிடம். 'கல்ச்சர் 2' ஆல்பத்தைவிட அரைமணி நேரம் அதிகம். அதற்கும் அந்தக் காலத்தில் மனத்தாங்கல் இருந்தது. 'அக்வெமினை' என்ற முந்தைய ஆல்பத்தின் காலத்திலிருந்து இருவரும் ஒருவர் வரியை ஒருவர் வாங்கிப் பாடியதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, பிக் பாய்க்கு ஒரு வட்டு, ஆந்த்ரே 3000க்கு ஒரு வட்டு என்று பாகப்பிரிவினை நடந்ததே வேதனை. ஆந்த்ரேவின் வட்டில் இடையிடையே வரும் பேச்சுத் துணுக்குகளும் அதிகம். அவர் ராப் பாடுவதோ மிகக் குறைவு. எனக்கும் அந்த வட்டின் பின்பகுதியில் பொறுமை தளரும் இடங்கள் உண்டு. ஆயினும் அங்கே நீளத்துக்கு ஒரு நியாயம் இருந்தது: இரு மனிதர்கள், இருவேறு இசை, இரண்டையும் ஒரே உறைக்குள் வைக்க வேண்டிய உறவு. 'ஹே யா!' பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு தட்டுகள் கொண்ட மூன்று அடி, பிறகு இரண்டே தட்டுகளில் ஒரு குட்டி அடி, மறுபடி நான்கு தட்டுகளில் இரண்டு அடி என்று 22 தட்டுகளில் அதன் சுற்று முடிகிறது. கை தட்டிக்கொண்டே கேட்டால் அந்தக் குட்டி அடியில் கை ஒரு கணம் தடுமாறும். அந்தத் தடுமாற்றம் பாடல் முழுக்க உங்களை விழிப்பாக வைத்திருக்கும். 105 நிமிடத்தில் இப்படி ஒரு தடுமாற்றத்தைத்தான் 'கல்ச்சர் 2' ஆல்பத்தில் நான் தேடிக்கொண்டே இருந்தேன். அவுட்காஸ்டின் அந்த ஆல்பம் 2004 பிப்ரவரியில் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதை வாங்கியது.

2007 ஆகஸ்டில் டெக்ஸஸ் மாநிலத்தின் போர்ட் ஆர்தரிலிருந்து யுஜிகே இருவர் குழு வெளியிட்ட 'அண்டர்கிரவுண்ட் கிங்ஸ்' இன்னொரு வகை. அதிலும் குறைத்திருக்கலாம் என்று தோன்றும் பாடல்கள் இருக்கின்றன. ஆனால் அந்த இருவரில் ஒருவரான பிம்ப் சி ஏறத்தாழ நான்காண்டு சிறையிலிருந்து 2005 இறுதியில்தான் வெளிவந்திருந்தார். அத்தனை ஆண்டும் பேசாமல் வைத்திருந்ததை எல்லாம் பேசுகிறார் என்பதால் ரசிகர்கள் நீளத்தைப் பொறுத்துக்கொண்டார்கள். ஆல்பம் வந்த அதே 2007இன் டிசம்பரில் அவர் இறந்துபோனார்.

'கல்ச்சர் 2' வருவதற்கு மூன்றே மாதம் முன்பு, 2017 அக்டோபரில், மிசிசிப்பியின் மெரிடியன் நகரைச் சேர்ந்த பிக் கே.ஆர்.ஐ.டி. ஓர் இரட்டை ஆல்பம் வெளியிட்டார். '4எவா இஸ் எ மைட்டி லாங் டைம்' என்று பெயர். பெருநிறுவன ஒப்பந்தத்தை விட்டு வெளியேறிய பின் சொந்த முயற்சியில் கொண்டுவந்தது. 22 பாடல்கள்; 'கல்ச்சர் 2' ஆல்பத்தைவிட இரண்டே குறைவு. முதல் வட்டு மேடைப் பெயரில் அவர்: கார், பேஸ், தெற்கத்தியப் பெருமை. இரண்டாம் வட்டு பெற்றோர் வைத்த ஜஸ்டின் ஸ்காட் என்ற பெயரில் அவர்: குடி, நம்பிக்கை, காதல், இறைவேண்டல். வட்டு மாறும்போது மனிதரே மாறுகிறார். கேட்பவருக்கு எங்கே நிற்கலாம், எங்கே மூச்சு வாங்கலாம், மறுபடி எதற்காக உட்கார வேண்டும் என்பதெல்லாம் தெளிவாகத் தெரிகிறது. ஒரே காலம், ஒரே தெற்கு, ஒரே சந்தை விதிகள். இந்த இரண்டு ஆல்பங்களையும் ஒரு வார இறுதியில் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். களைப்புக்குக் காரணம் நேரம் அல்ல என்பது உங்களுக்கே விளங்கும்.

'கல்ச்சர் 2' ஆல்பத்தைக் காக்க விரும்பும் ரசிகர்கள் இரண்டு வாதங்களை வைப்பார்கள். பிடித்ததை எடுத்துக்கொண்டு பிடிக்காததை விட்டுவிட வேண்டியதுதானே, எல்லோரும் தங்கள் சொந்தப் பட்டியலைத் தயாரித்துக்கொள்ளும் காலத்தில் நீளம் ஒரு குறையா என்பது ஒன்று. இதை என்னால் ஏற்க முடியவில்லை. எதை வைப்பது, எதை விடுவது, எதற்குப் பிறகு எது என்று தீர்மானிப்பது பாடுபவரின் கலையில் ஒரு பகுதி. அதை நம் தலையில் கட்டினால் ஆல்பத்தின் பாதியைத்தான் அவர் செய்திருக்கிறார் என்று பொருள். மற்றொரு வாதத்துக்கு நான் மதிப்புத் தருகிறேன். தெற்கு மிக்ஸ்டேப்களின், அதாவது முறையான ஆல்பமாக அல்லாமல் வெளிவரும் பாடல் தொகுப்புகளின், நிலம். அட்லாண்டாவில் தெருவிலும் கார்களிலும் இணையத்திலும் இலவசமாகப் பரவிய மிக்ஸ்டேப்கள் வழியாகத்தான் இவர்கள் வளர்ந்தார்கள். அங்கே நிறையக் கொடுப்பது தாராளம், குறைக்கச் சொல்ல யாருமில்லை என்கிறார்கள். உண்மை. 'கல்ச்சர் 2' ஒரு மிக்ஸ்டேப்பாக வந்திருந்தால் நானும் இவ்வளவு எழுதியிருக்கமாட்டேன். ஆனால் அவர்கள் அதற்கு 'கல்ச்சர்' என்ற பெயரை வைத்தார்கள். அந்தப் பெயரைக் கேட்டதும் 13 பாடல்களின் இறுக்கம் நினைவுக்கு வரும் ஒருவரிடம், இதை மிக்ஸ்டேப்பாக நினைத்துக்கொள் என்று பிறகு சொல்வது முறையாகாது. மூவரும் இதை உணர்ந்திருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். 2021 ஜூனில் வந்த 'கல்ச்சர் 3' 19 பாடல்களோடு நின்றது.

முழுமையாகக் கேட்டு முடிக்க முடியவில்லை என்றீர்கள். ஒரு வழி சொல்கிறேன், எனக்கு உதவியது. முதல் ஒன்பது பாடல்களை ஓர் அமர்வில் கேளுங்கள். இரண்டு நாள் விட்டு, 21ஆவது பாடலிலிருந்து கடைசிவரை கேளுங்கள். அங்கே 'டூ பிளேயா' பாடலில் 2 செயின்ஸும் ஒரு சாக்ஸபோனும், அதை அடுத்து 'மேட் மென்' பாடலின் நிதானமும் இருக்கின்றன. கடந்து வந்ததைத் திரும்பிப் பார்க்கும் தொனியில் அமைந்த 'மேட் மென்' இந்த ஆல்பத்தின் மிகச் சிறந்த ஐந்து பாடல்களில் ஒன்று என்பேன். அதை 22ஆவது இடத்தில் வைத்ததால் எத்தனை பேர் அதுவரை வந்திருக்கமாட்டார்கள் என்று நினைத்து இன்றும் வருந்துகிறேன். நடுப்பகுதியைக் கடைசியாக, நாளுக்கு இரண்டு பாடலாகக் கேளுங்கள். தனித்தனியே எந்தப் பாடலும் மோசமில்லை என்று நீங்கள் சொன்னது அப்போது இன்னும் உறுதிப்படும்.

2022 நவம்பர் 1 அன்று ஹூஸ்டனில் டேக்ஆஃப் சுட்டுக் கொல்லப்பட்டார், வயது 28. மூவரில் ஆரவாரம் குறைந்தவர், ஆனால் திஸ்ர நடையில் மற்ற இருவரையும்விடத் துல்லியமாக நடக்கத் தெரிந்தவர் என்று நான் கருதுபவர் அவர்தான். அந்த வாரம் இந்த ஆல்பத்தின் நடுப்பகுதியை மறுபடி எடுத்து, அவர் பாடும் சரணங்களை மட்டும் தேடிக் கேட்டேன். அவற்றில் பலவற்றை அன்றுதான் முதன்முறையாகச் சரியாகக் கேட்கிறேன் என்று புரிந்தது. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளாக, அவருடைய முறை வருவதற்கு முன்பே நான் அடுத்த பாடலுக்குத் தாவிக்கொண்டிருந்தேன்.